ஒரு வீட்டுக்கு ஒரு பெயர்

1

இன்று என் மகனுக்கும் மருமகளுக்கும் நாலாவது கல்யாண நாள். மகன் அரவிந்தன் லண்டனில், நோர்பரியில், எங்கள் வீட்டு மேல்மாடியில் கணினிக்கு முன்னால் இருக்கிறான். மருமகள் ஸ்பெயினில் தாயோடு இருக்கிறாள். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் உடனே தலையை ஆட்டி, "வெள்ளைக்காரியைக் கட்டினால் இப்படித்தான்" என்று சொல்லிவிட வேண்டாம். அவர்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை. காலையில் போனைத் திறந்து வைத்து இரண்டு பேரும் கேக் வெட்டினார்கள். இவன் இங்கே ஒரு துண்டு தின்றான், அவள் அங்கே ஒரு துண்டு தின்றாள். அவர்களைப் பிரித்து வைத்திருப்பது ஒரு பெயர். அந்தப் பெயரை அவளுக்குச் சூட்டியவள் நான்.

இதை எழுதும்போதே எரிச்சல் வருகிறது. யார் மேல் எரிச்சல் என்று கேட்டால் பெரிய பட்டியலே தரலாம். விசா அலுவலகம், அதற்குக் கடிதம் எழுதுகிற முகம் தெரியாத மனிதர்கள், ஒரு கேள்வி கேட்க நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டுக் காக்க வைக்கிற தொலைபேசி, எதையும் "பிறகு பார்க்கலாம்" என்கிற என் மகன். அந்தப் பட்டியலில் என்னையும் சேர்க்காமல் விட்டால் அது நேர்மை இல்லை.

2

மருமகளின் முழுப் பெயர் லூசியா மொரேனோ ஒர்தேகா. மொரேனோ தகப்பன் வழியில் வந்தது, ஒர்தேகா தாய் வழியில் வந்தது. ஸ்பெயினில் எல்லோருக்கும் இப்படி இரண்டு குடும்பப் பெயர்கள். கல்யாணம் கட்டினாலும் பெண் தன் பெயரை மாற்றுவதில்லை. கல்யாணத்துக்காக மாற்ற அங்கே சட்டத்தில் இடமும் இல்லையாம். பிறந்த பெயரோடு இருந்து அந்தப் பெயரோடேயே போய்ச் சேர்கிறாள்.

எனக்கு இது கல்யாணத்துக்கு முதல் நாள்தான் தெரிந்தது. வலென்சியாவுக்குக் கிட்ட ஒரு சின்ன ஊர். சம்பந்தி வீட்டுத் தபால் பெட்டியில் புருசனுக்கு ஒரு பெயரும் மனைவிக்கு அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு பெயரும் இருந்தன. நான் மகனை மெதுவாக ஒரு பக்கம் கூப்பிட்டேன்.

"தம்பி, இவை சட்டப்படி கலியாணம் கட்டினவையோ?"

"என்னம்மா கதைக்கிறியள்? முப்பத்தஞ்சு வருசமாச்சு."

"பிறகேன் மனிசிக்கு வேறை பேர்?"

அவன் சிரித்த சிரிப்பில் சம்பந்தியம்மா திரும்பிப் பார்த்து என்ன பகிடி என்று கேட்டார். லூசியா சொன்னாள். அந்த அம்மா என் தட்டில் இன்னொரு அகப்பை சோற்றைப் போட்டுக்கொண்டே ஏதோ பதில் சொன்னார். லூசியா அதை எனக்கு இங்கிலீசில் திருப்பிச் சொன்னாள்: "நான் அவருக்கு மனைவி. சகோதரி இல்லை. எனக்கு ஏன் அவருடைய பெயர்?"

நானும் லூசியாவும் இங்கிலீசில்தான் பேசிக்கொள்வோம். நடுவில் அவள் "ஓம் மாமி", "வாறன் மாமி" என்று தான் படித்து வைத்திருப்பதைப் போடுவாள். அவள் சொன்னதையெல்லாம் எனக்கு விளங்கின தமிழில் இங்கே எழுதுகிறேன்.

மறுநாள் கல்யாணப் பதிவுக்குப் போனோம். எழுதுகிறவர் மாப்பிள்ளையின் தாயாரின் குடும்பப் பெயரைக் கேட்டார். நான் தயாராக நின்று "கணபதிப்பிள்ளை" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அது தகப்பன் பக்கத்துப் பெயர், உங்களுடையது என்ன என்றார். எனக்கு உடனே வாயில் வரவில்லை. இராசரத்தினம் என்று நான் சொன்னபோது மகன் என்னைப் பார்த்தான். அவனுக்குத் தன் அம்மப்பாவின் பெயர் தெரிந்திருக்கவில்லை. முப்பது வயதுப் பிள்ளை. என்னிடம் இரண்டு முறை கேட்டுத்தான் எழுதிக் கொடுத்தான். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவன் எங்கே அந்தப் பெயரைப் பார்த்திருப்பான்? அது எங்கள் வீட்டில் எந்தத் தாளிலும் இல்லை.

3

கணபதிப்பிள்ளை என்பது எங்கள் குடும்பப் பெயர் என்று லண்டனில் பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அது என் மாமனாரின் பெயர். என் கணவர் யோகநாதன் முதன்முதல் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது குடும்பப் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அவர் எல்லோரையும் போலத் தகப்பனின் பெயரைச் சொன்னார். அன்றைக்கு அந்த மேசையில் பிறந்ததுதான் எங்கள் குடும்பப் பெயர்.

அந்த மாமனாருக்கு முன்னால் நான் நிமிர்ந்து நின்று பேசியதே குறைவு. எங்களில் மருமகள்கள் மாமனாரின் பெயரை வாயால் சொல்வதில்லை. இங்கே வந்து அது என் பெயரும் ஆனபின், ஜீபி என்கிற குடும்ப வைத்தியரின் அறைக்கு வெளியே இருந்தால் "மிஸிஸ் கணபதிப்பிள்ளை" என்று ஒரு பெண் கூப்பிடுவாள். அவருடைய பெயரில் எனக்கு இரத்தப் பரிசோதனை நடக்கும். அவருடைய பெயரில் எனக்கு முழங்கால் படம் எடுத்தார்கள். முதல் வருடம் ஒவ்வொரு முறையும் மாமா எங்கே வந்து நிற்கிறார் என்று திடுக்கிட்டு எழும்பினேன். பிறகு பழகிவிட்டது.

பழகிவிட்டது என்பதுதான் என் பிழையின் தொடக்கம் என்று இப்போது தெரிகிறது.

4

நான் பெயர் மாற்றியது ஆசையால் இல்லை. அதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

நாங்கள் அகதிகளாக வந்தபோது என் பாஸ்போட்டில் சரோஜினிதேவி இராசரத்தினம் என்று இருந்தது. கணவருடையதில் யோகநாதன் கணபதிப்பிள்ளை. எங்கள் கல்யாணப் பதிவு கையால் எழுதியது, பாதி மை அழிந்தது. விசாரித்த மனிதர் ஒவ்வொரு முறையும் அடியில் இருந்து தொடங்குவார். மிஸ்டர் இராசரத்தினம் எங்கே? அவர் என் அப்பா. அப்படியென்றால் பக்கத்தில் இருக்கிறவர் யார்? என் கணவர். பிறகு ஏன் உங்கள் பெயர் இராசரத்தினம்? என் கணவர் பொறுமைசாலி. எங்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, தகப்பனின் பெயர்தான் கூட வரும் என்று விளக்குவார். விளங்கியது என்பார்கள். அடுத்த கிழமை "மிஸ்டர் அன்ட் மிஸிஸ் இராசரத்தினம்" என்று கடிதம் வரும். என்னையும் என் அப்பாவையும் புருசன் பெண்சாதி ஆக்கி அனுப்பியிருப்பார்கள். சிரிக்கவும் முடியவில்லை, யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது என்றும் தெரியவில்லை.

அப்பா அப்போது திருச்சியில் இருந்தார். சண்டைக்குத் தப்பி என் அண்ணை அவரைக் கொண்டுபோய் அங்கே ஒரு வாடகை அறையில் வைத்திருந்தார். இருதய வருத்தம். எங்களுக்கு அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டது, பயணப் பத்திரம் கைக்கு வந்தால் இந்தியாவுக்குப் போகலாம். கணவருடையது வந்தது. என்னுடையது பெயரைச் சரிபார்க்க வேண்டும் என்று நின்றுவிட்டது. நான் வாராவாரம் போன் எடுப்பேன். அப்பா வேறு ஒன்றும் கேட்கமாட்டார்.

"எப்ப பிள்ளை வாறாய்?"

"அடுத்த கிழமை அப்பா."

இப்படி ஏழு அடுத்த கிழமை சொன்னேன். பத்திரம் தபாலில் வந்தபோது அப்பா செத்து, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்து மூன்று நாள். கடித உறையைத் திறந்து, உள்ளே என் பெயர் எந்தப் பிழையும் இல்லாமல் இருப்பதைப் பார்த்தேன். அதைத் தூக்கி அடிக்க வேண்டும் போல இருந்தது, ஆனால் அடிக்கவில்லை, பத்திரமாக மேசை லாச்சிக்குள் வைத்தேன். அகதிகள் தாள்களைக் கிழிப்பதில்லை.

அடுத்த மாதமே கணபதிப்பிள்ளை ஆனேன். அதற்குப் பிறகு ஒரு தாளும் திரும்பி வரவில்லை. வீடு, வேலை, பிள்ளையின் பள்ளிக்கூடம், குடியுரிமை எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. அப்பாவின் பெயரை விட்டதற்கு நான் அழுதேனா என்று கேட்டால், இல்லை. அந்தப் பெயரால்தான் அவரைப் பார்க்க முடியாமல் போனது என்று அதன்மேல் கோபமாக இருந்தேன். பைத்தியக்காரக் கோபம்தான். ஆனால் அதுதான் இருந்தது.

5

அந்த அனுபவத்தில் நான் ஒரு ஆளாகிவிட்டேன். கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் ஒரு மேசை போட்டு, புதிதாக வந்த சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். கல்யாணமாகி யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிற பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே பாடம்தான். கறுப்பு மை, பெரிய எழுத்து, ஒரு வீட்டுக்கு ஒரு பெயர். "புருசன்டை பாஸ்போட்டிலை கடைசியா என்ன கிடக்குதோ அதையே நீரும் போடும். அவங்களுக்கு யோசிக்க இடம் குடுக்கக் கூடாது." இருபது வருடம் இதைச் சொன்னேன். ஒருத்தரும் திரும்பி வந்து பிழையாகப் போய்விட்டது என்று சொன்னதில்லை.

லூசியா வந்து இறங்கியபோதும் நான் இதைத்தான் செய்தேன். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிந்தபின் ஸ்பெயின்காரருக்கும் விசா வேண்டும். அவளுக்குக் கிடைத்த மனைவி விசா மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைய. அந்த விசாவில் அவள் பாஸ்போட்டில் இருக்கிற பெயர்தான் இருந்தது, அதில் கை வைக்க எனக்கு வழியில்லை. மற்ற எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொண்டேன். அவளும் மகனும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். அவளுக்குப் பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. நான் தேத்தண்ணியோடு உட்கார்ந்து ஒவ்வொரு இடமாகப் போன் எடுத்தேன். ஜீபி, கவுன்சில் வரி, தண்ணீர், மின்சாரம், கண் பரிசோதனை. எல்லா இடத்திலும் மிஸிஸ் லூசியா கணபதிப்பிள்ளை. ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. இந்த நாட்டில் மனைவிக்குப் புருசன் பெயர் என்றால் கேள்வி இல்லை. என் கணவர் காலமாகி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. கதவடியில் விழுகிற கடிதங்களில் அந்தப் பெயரோடு இன்னொரு பெண்ணின் பெயர் சேர்ந்து வருவதைப் பார்க்க எனக்குப் பெருமையாகவே இருந்தது.

முதல் கடிதம் வந்தபோது லூசியா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாமி, இது யாருக்கு?"

"உனக்குத்தான் பிள்ளை."

"நான் இது இல்லை, மாமி. தயவுசெய்து மாற்றிச் சொல்லுங்கோ."

"உது வீட்டுக் கடிதம்தானே. பாஸ்போட்டிலை உன்ரை பேர் அப்பிடியே கிடக்குது. உதாலை ஒண்டும் வராது."

அவள் மகனிடம் சொன்னாள். அவன் என்னிடம் வந்து, "அம்மா, அவளுக்கு உது விருப்பமில்லை" என்றான். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து அவன் அவளிடம், "அம்மாவுக்குச் சந்தோசம், விடு" என்றது எனக்குக் கேட்டது. என் பிள்ளை வளர்ந்த விதம் அது. வீட்டில் சத்தம் வரக்கூடாது. மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம்.

ஒரு வருடம் கழித்து அவள் இன்னொரு முறை சொன்னாள். ஆசுப்பத்திரிக்குப் போய்விட்டு முறை தவறித் திரும்பி வந்திருந்தாள். "அவர்கள் கூப்பிட்டார்கள் மாமி. நான் எழும்பவில்லை. என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அந்தப் பெயர் வேண்டாம்." நான் அவளுக்குத் தோசை வார்த்துக் கொடுத்து, "எனக்கும் உப்பிடித்தான் இருந்தது, பழகிடும்" என்றேன். அவள் சாப்பிட்டுவிட்டு மேலே போனாள்.

6

போன வருடம் விசாவை நீட்ட வேண்டி வந்தது. இப்போது கறுப்பு மைக்கு வேலை இல்லை, எல்லாம் கணினியில். மகனும் அவளும் மேல்மாடியில் இருந்து நிரப்பினார்கள். "வேறு ஏதாவது பெயரில் நீங்கள் அறியப்பட்டதுண்டா?" என்று அதில் ஒரு கேள்வி. லூசியா "இல்லை" என்று போட்டாள். அவளுக்கு அது உண்மை. அவள் ஒருநாளும் வேறு பெயரில் இருந்ததில்லை.

இரண்டு பேரும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று காட்டக் கடிதங்கள் கேட்டிருந்தார்கள். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். வந்த கடிதம் ஒன்றைக்கூட நான் எறிந்ததில்லை. திகதி வாரியாக அடுக்கி, பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, மகனின் கையில் கொடுத்தேன். அவன் வாசித்துப் பார்க்காமல் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்பினான். வங்கிக் கணக்குத் தாள் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் மிஸிஸ் கணபதிப்பிள்ளை.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. நீர் வேறு பெயரே இல்லை என்று சொல்லியிருக்கிறீர். ஆனால் அனுப்பிய ஆதாரங்கள் வேறொரு பெண்ணின் பெயரில் இருக்கின்றன. அந்தப் பெண் நீரா? நீர் என்றால், ஏன் இல்லை என்று சொன்னீர்? நீர் இல்லை என்றால், உம்முடைய ஆதாரங்கள் எங்கே? இதைத்தான் மரியாதையான இங்கிலீசில் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள்.

சமையலறையில் நின்று மகன் இதை வாசித்தான். எனக்குத் தெரிந்த கடிதம் அது. முப்பது வருடத்துக்கு முன்னால் எனக்கு வந்தது. அப்போது ஏன் உங்கள் பெயர் கணவருடையது இல்லை என்று கேட்டார்கள். இவளிடம் ஏன் கணவருடையது என்று கேட்கிறார்கள்.

7

அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு ஒரு சொலிசிட்டரிடம் போகச் சொல்லியிருக்கலாம். ஆனால் இருபது வருடம் மேசை போட்டவளுக்கு அது வருமா? எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்று இருந்தது. டீட் போல் என்று இங்கே ஒரு உறுதிப் பத்திரம். இன்றிலிருந்து என் பெயர் இதுதான் என்று எழுதிச் சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டால், பெயர் மாறிவிடும். எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன்.

"உதைச் செய்தால் ரெண்டு பேரும் ஒரே ஆள் எண்டு ஆகிடும். பிறகென்ன கேள்வி?" என்றேன். மகனுக்கும் அது சரியாகப் பட்டது. பக்கத்து வீட்டு மனிதரைச் சாட்சிக்குக் கூப்பிட்டோம்.

லூசியா தாளைக் கையில் வைத்து இரண்டு முறை வாசித்தாள். ஒரு வரியில் விரலை வைத்து, "என் முந்தைய பெயரை முற்றாகக் கைவிடுகிறேன்" என்று சத்தமாகப் படித்தாள்.

"மாமி, நான் கைவிடவில்லையே. எனக்கு இது வேண்டாம்."

"உது சும்மா ஒரு வசனம் பிள்ளை. எல்லாத்திலையும் கிடக்குது. வை கையெழுத்தை."

பக்கத்து வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு வேலைக்கு நேரமாகிறது. லூசியா மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் கையெழுத்து வைத்தாள்.

ஆறு கிழமையில் அடுத்த கடிதம் வந்தது. பெயரை மாற்றிவிட்டீர், நல்லது. பழைய பெயரைக் கைவிட்டுவிட்டதாகவும் நீரே சொல்லியிருக்கிறீர். அப்படியென்றால் புதிய பெயரில் உம்முடைய பாஸ்போட்டை அனுப்பவும்.

ஸ்பெயின் தூதரக அலுவலகத்தில் நேரம் எடுத்துப் போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா டீட் போலை வாசித்துவிட்டு, அதைக் கண்ணாடிக்குக் கீழால் எங்கள் பக்கம் தள்ளினார். ஸ்பெயினில் இதற்கு மதிப்பில்லை, கல்யாணத்தால் ஒருவருக்கும் பெயர் மாறுவதில்லை என்றார். இவளுடைய பெயர் மாறாது என்று எழுதித் தருவீர்களா என்று கேட்டோம். அதற்கு வேறு நாள் எடுக்க வேண்டும் என்றார். ஸ்பெயினில் மாற்ற முடியாது, லண்டனில் மாற்றாமல் இருக்க முடியாது. லூசியாவை நடுவில் கொண்டுபோய் நிறுத்தியது எந்த அரசாங்கமும் இல்லை.

8

அந்த "வேறு நாள்" வருவதற்கு முன்னால் அவளுடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது.

விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்ததாகக் கணக்கு. பழைய விசாவும் முடிந்துவிட்டது. போனால் வர முடியாது, வெளியில் இருந்து எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டும். அவள் போகவில்லை. வேலை முடிந்து வந்து சமையலறை மேசையில் போனை நிறுத்தி வைத்து, ஆசுப்பத்திரிக் கட்டிலில் இருக்கிற மனிதரோடு பேசுவாள். அவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. எனக்கு அந்தப் பாசை தெரியாது. ஆனால் அவர் ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியைக் கேட்பதும் இவள் ஒரே பதிலைச் சொல்வதும் எனக்கு விளங்கியது. மூன்றாம் நாள் நான் அந்தச் சொல் என்ன என்று மகனிடம் கேட்டேன்.

"'சீக்கிரம்' எண்டு சொல்லுறாள் அம்மா."

நான் அடுப்பை நிறுத்திவிட்டு அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். திருச்சிக் கதையை அவளுக்கு நான் அதுவரை சொன்னதில்லை. மகனுக்கும் முழுதாகச் சொன்னதில்லை. ஏழு அடுத்த கிழமையையும் சொன்னேன். என் இங்கிலீசு உடைந்து உடைந்துதான் வந்தது.

"நீ போ பிள்ளை," என்றேன்.

"போனால் எல்லாம் முதலில் இருந்து, மாமி. எத்தனை மாதமோ தெரியாது. அரவிந்தன்?"

"அவன் இருப்பான். தாளும் எப்பவோ வரும். நீ போய் அவரைப் பார்."

"அம்மா, லோயரிட்டை ஒருக்கா கேட்டிட்டு..." என்று மகன் இழுத்தான்.

"நீ பேசாமல் ரிக்கெற்றைப் போடு," என்றேன். அவனை அப்படி அதட்டிப் பல வருடம் ஆகிவிட்டது.

அடுத்த நாள் மத்தியானம் அவள் போனாள். தகப்பன் அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் இருந்தார். பத்தொன்பது நாளும் அவள் பக்கத்தில் இருந்தாள். இதில் எனக்கு ஒரு ஆறுதல் இருக்கிறது. ஆனால் அதை நான் செய்த நன்மை என்று எழுதினால் கை கூசும். நான் போட்ட முடிச்சு இல்லாவிட்டால் அவள் முதல் நாளே போயிருப்பாள், செத்தவீடு முடிந்ததும் திரும்பியும் வந்திருப்பாள்.

9

இப்போது நாலு மாதம் ஆகிறது. ஹரோவில் ஒரு சொலிசிட்டரைப் பிடித்திருக்கிறோம். எங்கள் ஊர்ப் பிள்ளைதான், இங்கே பிறந்தவள். எல்லாத் தாள்களையும் பார்த்துவிட்டு, "அன்ரி, முதல்லயே ஒரு சின்னக் கடிதத்தோட முடிஞ்சிருக்கும். அந்த டீட் போல்தான் கெடுத்தது" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

புதிய விண்ணப்பத்தோடு இரண்டு வாக்குமூலம் போக வேண்டுமாம். ஒன்று லூசியாவுடையது. மற்றது, அந்தப் பெயரை எல்லா அலுவலகங்களுக்கும் கொடுத்த ஆளுடையது. லூசியா பொய் சொல்லவில்லை என்று அவர்கள் நம்பினால்தான் விசா. பொய் சொன்னாள் என்று ஒருமுறை எழுதிவிட்டால் பல வருடத்துக்கு இந்தப் பக்கம் வர முடியாமலும் போகலாம். சொலிசிட்டர் பிள்ளை எனக்காக ஒரு வாசகம் எழுதி அனுப்பியிருந்தாள். "கலாசார வேறுபாடு காரணமாக ஏற்பட்ட ஒரு நிர்வாகத் தவறு" என்று அதில் இருந்தது. வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. ஒருத்தரும் செய்யாத தவறு போல, மழை பெய்தது போல.

அதை ஒதுக்கி வைத்துவிட்டு இன்று காலை, அவர்கள் கேக் வெட்டி முடித்தபின், நானே எழுதினேன். என் மருமகளின் பெயர் லூசியா மொரேனோ ஒர்தேகா. பிறந்த நாள் முதல் அதுதான். வேறு பெயர் இல்லை என்று அவள் படிவத்தில் எழுதியது உண்மை. கடிதங்களில் உள்ள பெயரை அலுவலகங்களுக்குச் சொன்னவள் நான். பத்திரத்தில் அவளைக் கையெழுத்து வைக்கச் சொன்னவளும் நான். அவளுடைய விருப்பத்தைக் கேட்காமல் இதைச் செய்தேன்.

அனுப்புவதற்கு முன்னால் லூசியாவுக்குப் போன் எடுத்து வாசித்துக் காட்டினேன். உள்ளுக்குள் என்ன எதிர்பார்த்தேன் என்று மறைக்கத் தேவையில்லை. "அப்படியெல்லாம் எழுத வேண்டாம் மாமி, நீங்கள் நல்லதுக்குத்தானே செய்தீர்கள்" என்று சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் கடைசி வரி வரை கேட்டாள்.

"கடைசி வரி சரியில்லை மாமி."

"எடுக்கவோ பிள்ளை?"

"இல்லை. விருப்பத்தைக் கேட்காமல் என்று இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லைத்தான். ஆனால் நான் சொன்னேன். மூன்று தரம் வேண்டாம் என்று சொன்னேன். அதையும் எழுதுங்கோ."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நான் எண்ணிப் பார்த்தேன். மூன்று தரம்தான்.

கடைசி வரியை அழித்தேன். "அவள் மூன்று தரம் வேண்டாம் என்று சொன்னாள். நான் விடவில்லை" என்று அந்த இடத்தில் எழுதி, அவளுக்கு இன்னொரு முறை வாசித்தேன். ஓம் மாமி, இப்ப சரி என்றாள். கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டேன்.